புளியங்குளம்: சந்திக்குப் பின்னால இருக்கிற நிலம்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியால் போயிருந்தால் நீங்கள் கட்டாயம் புளியங்குளத்தைக் கடந்திருப்பீர்கள். ஆனால் பார்த்திருப்பீர்களா எண்டது சந்தேகம். மாங்குளம் போய், கனகராயன்குளம் போய், அரை நித்திரையில் இருக்கேக்க ஒரு சந்தி வரும். கிழக்குப் பக்கமாக ஒரு ரோட்டு நெடுங்கேணிக்குப் பிரியும். கொஞ்சக் கடைகள். பஸ் ஒரு நிமிசம் நிக்கும், இரண்டு பேர் இறங்குவினம், பிறகு திரும்பவும் காடு. வவுனியா நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற இந்த ஊரைப் பற்றி எங்களில் பல பேருக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு விசயம்தான். அங்க பெரிய சண்டை நடந்தது. சமாதான காலத்தில் அங்க சோதனைச் சாவடி இருந்தது.

எங்கட குழுவில் ஒருவருடைய மச்சாள் பிரான்சில் ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறா. அந்த நாட்டில் ஏறக்குறைய 35,000 'கொம்யூன்' இருக்கு. கடைசிச் சின்னக் கிராமத்துக்கும் ஒரு நகரசபை, ஒரு மேயர். 1807 இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கின காணி அளவையால் எந்த வயல் யாருடையது, எந்த ஓடை எங்க வளையுது எண்டது வரைக்கும் வரைபடத்தில் இருக்கு. அவ ஒருநாள் வீடியோ கோலில் தன்ர ஊரின் ஆறு, காடு, மேடு எல்லாத்தையும் பற்றிச் சொல்லிப்போட்டு, "உங்கட ஊரைப் பற்றி இப்பிடிச் சொல்லுங்கோ பாப்பம்" எண்டு கேட்டா. எங்களுக்குச் சண்டைக் கதையைத் தவிர ஒண்டும் வாயில் வரேல்லை. அந்த வெட்கத்தில் தொடங்கினதுதான் இந்தக் கட்டுரை.

கிணத்து நாடும் குளத்து நாடும்

பேரிலிருந்தே தொடங்குவம். புளி, குளம். ஒரு மரம், ஒரு நீர்நிலை. வன்னியில் பாதி ஊர்களின் பேர் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கு. மாங்குளம், மருதங்குளம், இலுப்பைக்குளம். வவுனியா எண்டு இப்ப நாங்கள் சொல்லுற நகரத்தின் பழைய முழுப்பேரிலும் ஒரு 'விளாங்குளம்' இருந்தது. தெற்கே அநுராதபுரப் பக்கம் போனால் 'சியம்பலாகஸ்வெவ' எண்டு ஊர் இருக்கு. சிங்களத்தில் சியம்பலா எண்டால் புளி, வெவ எண்டால் குளம். மொழி வேற, ஆனால் ஊருக்குப் பேர் வைச்ச புத்தி ஒண்டுதான். ஏனெண்டால் நிலம் ஒண்டு.

அந்த நிலத்தை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேணும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணி கல்லுக்குள்ளால கீழ இறங்கி நிலத்தடியில் தேங்கும். அதால யாழ்ப்பாணத்தான் கிணறு வெட்டினான், துலா மிதிச்சான், தோட்டம் செய்தான். புளியங்குளப் பக்கம் அடியில் இருக்கிறது மிகப் பழைய கடும்பாறை. புவியியலாளர்கள் இலங்கையின் பாறைத் தொகுதிகளில் ஒண்டுக்கு வன்னியின்ர பேரையே வைச்சிருக்கினம். கடும்பாறைக்குள் தண்ணி லேசில் இறங்காது, மேலால ஓடும். ஓடுற தண்ணியை மறிச்சால்தான் வாழ்க்கை. அதால வன்னியான் குளம் கட்டினான், வயல் விதைச்சான். யாழ்ப்பாணம் கிணத்து நாடு, வன்னி குளத்து நாடு. குணத்தை வைச்சு வந்த வித்தியாசம் இல்லை இது, கல்லை வைச்சு வந்தது.

'வறண்ட வலயம்' எண்டு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பம். ஆனால் இங்க மழை குறைவு எண்டு நினைக்க வேண்டாம். வருசத்துக்கு ஏறக்குறைய 1,250 முதல் 1,500 மில்லிமீற்றர் பெய்யும். பரிஸ் நகரத்தில் பெய்யிறதைப் போல இரண்டு மடங்கு இது! பிரச்சினை அளவில் இல்லை, நேரத்தில்தான். பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் மாரியில் கொட்டிப்போடும். பிறகு மாதக்கணக்கில் வெயில், காத்து. நாலு மாதத்தில் வாற தண்ணியைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கு போடுற வேலையைத்தான் குளம் செய்யுது.

ஒரு குளம் தனிய இல்லை

வன்னிக் குளம் எண்டது மண் கட்டு ஒண்டு மட்டும் இல்லை. மேல் பக்கத்தில் காடு. அதுக்குக் கீழ அலைகரை. பிறகு நீர்ப்பரப்பு, குளக்கட்டு. கட்டில் தண்ணி திறக்கிற துருசு, மிஞ்சின தண்ணி வழியிற வான். கட்டுக்குக் கீழ வாய்க்காலும் வயலும். பக்கத்து மேட்டில் வீடுகள். கட்டில் பெரும்பாலும் ஒரு பிள்ளையாரோ ஐயனாரோ இருப்பார். எந்த நாளில் துருசு திறக்கிறது, யாருக்கு முதல் தண்ணி எண்டு பார்க்க வட்டவிதானை எண்டு ஒரு ஆள்.

முக்கியமான விசயம் இனித்தான். ஒரு குளம் வான் பாய்ஞ்சால் அந்தத் தண்ணி வீணாகப் போறதில்லை, கீழ இருக்கிற அடுத்த குளத்துக்குப் போகும். மேல் வயலில் பாய்ஞ்சு கழிஞ்ச தண்ணியும் அங்கதான் வடியும். இப்படிச் சங்கிலி மாதிரித் தொடர்ந்து போற குளத்தொடர்களைப் பற்றிப் பேராசிரியர் மத்துமபண்டார 1985 இல் எழுதினார். வறண்ட வலயத்தின் இந்தக் குளத்தொடர்க் கிராம முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. எங்கட அம்மப்பாமாருக்கு இது புதினம் இல்லை. "மேல்குளம் உடைஞ்சால் கீழ்குளக்காரனுக்கும் சோறில்லை" எண்டது அவை அறிஞ்ச கணக்கு.

தண்ணி இன்னும் தூரமும் போகும். வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் தொடங்குற கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் நீரேரியில் முடியுது. இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டு போறதா இல்லையா எண்டு எவ்வளவு வாக்குவாதம் நடந்தது எண்டு தெரியும்தானே. அந்த வாக்குவாதத்தில் வவுனியா வடக்கின் காடுகளைப் பற்றிக் கதைச்ச ஆக்களை விரல்விட்டு எண்ணலாம்.

ரோட்டும் ரயிலும்

1895 இல் ஜே. பி. லூயிஸ் எண்ட பிரித்தானிய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூலை வெளியிட்டார். அவருடைய காலத்து வன்னி, கைவிடப்பட்ட குளங்களும் மலேரியாவும் நிறைஞ்ச வன்னி. அப்ப யாழ்ப்பாணத்தான் வன்னிக்குப் போறதெண்டால் காய்ச்சலுக்குப் பயந்துதான் போவான். 1905 இல் வடக்கு ரயில் பாதை முழுசாகத் திறந்தது. காட்டுக்குள்ளால வந்த அந்தப் பாதையில் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் புளியங்குளத்துக்கும் ஒரு நிலையம் கிடைச்சது. 1940களின் நடுப்பகுதியில் டிடிடி அடிக்கத் தொடங்கின பிறகு மலேரியா இறங்கிச்சுது, ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்த குடும்பங்களும் வன்னியில் காடு வெட்டிக் குடியேறிச்சினம். வன்னி வரலாறு எண்டால் வன்னியர் வரலாறு மட்டும் இல்லை, வந்து சேர்ந்த இந்த ஆக்களின் உழைப்பும்தான்.

நிலம் சண்டையை இழுத்த விதம்

புளியங்குளத்தில் ஏன் அவ்வளவு சண்டை? விடை வரைபடத்தில் இருக்கு. இரண்டு பக்கமும் அடர்காடு. நடுவில் ஒரு நாடா மாதிரி ஏ9. நெடுங்கேணி ரோட்டு வந்து ஏறுற சந்தி. 1997 மே 13 இல் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கினபோது, ஏ9 வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை திறக்கிறதுதான் இராணுவத்தின் நோக்கம். ஓமந்தையும் நெடுங்கேணியும் வேகமாகக் கைமாறிச்சுது. ஆனால் அந்த இரண்டு பாதையும் சந்திக்கிற புளியங்குளத்தில் புலிகள் அரண் அமைச்சிருந்தினம். மாதக்கணக்காக அது விழேல்லை. கடைசியில் இராணுவம் ரோட்டை விட்டுக் காட்டுக்குள்ளால சுத்திப் போக வேண்டி வந்தது. 1999 நவம்பரில் புலிகள் திரும்பவும் அந்தப் பகுதியைப் பிடிச்சினம். 2008 கடைசியில் இன்னொருதரம் கைமாறிச்சுது.

ஊர்ச்சனத்துக்கு இதில் எது 'வெற்றி' எண்டு நாங்கள் எழுத வரேல்லை. சந்தி எண்டது சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நல்ல இடம். அதே காரணத்தால் சண்டைக்கும் நல்ல இடமாகிப்போச்சுது. ரயில் 1990 இல் நிண்டுது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகிச்சுது. ஓமந்தைக்கு வடக்கே கிளிநொச்சி வரை ரயில் திரும்ப ஓடினது 2013 செப்ரெம்பரில். இருபது வருசத்துக்கு மேல ரயிலைப் பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

நடுவில் ஒரு விசித்திரமான காலமும் இருந்தது. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது, ஓமந்தையில் ஆமியின் சாவடி, சூனியப் பிரதேசம் தாண்டிப் புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. 1996 இல் கொழும்பு நேரத்தை மாத்தினது, வன்னி மாத்தேல்லை. அதால ஓமந்தையில் பத்து மணி எண்டால் புளியங்குளத்தில் ஒன்பதரை. எங்கட பெற்றோர் சாமான் பையோடு வரிசையில் நிண்டு, மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினவை. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கு வந்தது. அதே வருசம் ஓகஸ்டில் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டது.

காடா, ஊரா?

இப்ப சந்திக்கு வருவம். ஊர்ச்சனம் இல்லாத வருசங்களில் குளத்துக்கு என்ன நடக்கும்? கட்டில் மரம் முளைக்கும். வேர் மண்ணைப் பிளக்கும். துருசு தூர்ந்துபோகும். ஒரு மாரியில் கட்டு உடையும். ஒரு குளம் உடைஞ்சால் தொடரில் கீழ இருக்கிறதும் பாதிக்கப்படும். வயலில் முதலில் பத்தை, பிறகு பாலையும் வீரையும். பத்துப் பன்னிரண்டு வருசம் போதும், வெளியில் இருந்து பார்க்கிறவைக்கு அது காடு. யானைக்கும் அது காடுதான். குடியேறினவையும் யானையும் இப்ப ஒரே தண்ணிக்கு வந்து நிக்கினம்.

2009 க்குப் பிறகு திரும்பி வந்த வன்னிச் சனம் பல இடங்களில் சொல்லுற முறைப்பாடு ஒண்டு இருக்கு. தாங்கள் விதைச்ச வயலில் வனவள எல்லைக்கல் நிக்குது எண்டது. காணி அனுமதிப்பத்திரத்தைக் காட்டு எண்டால், அது எத்தனையாவது இடப்பெயர்வில் துலைஞ்சது எண்டே தெரியாது. நாங்கள் காட்டுக்கு எதிரான ஆக்கள் இல்லை. மேல்காடு இல்லாமல் குளம் இல்லை எண்டதை மேலேயே எழுதியிருக்கிறம். ஆனால் பழைய காடும், ஆளில்லாமல் காடாகிப்போன ஊரும் ஒண்டில்லை.

இரண்டையும் எப்படிப் பிரிச்சு அறியிறது? இதை ஒரு வயசான ஐயாவிடம் கேட்டோம். அவர் சிரிச்சுப்போட்டுச் சொன்னார்: "தம்பியவை, காட்டுக்குள்ள போய்ப் பாருங்கோ. பாலை தானாய் முளைக்கும். புளியும் தென்னையும் வரிசையாய் நிண்டால் அங்க ஆரோ இருந்திருக்கினம்."

இதில் விஞ்ஞானமும் இருக்கு. புளி எங்கட நிலத்தில் தானாகத் தோன்றின மரம் இல்லை, அதின்ர பிறப்பிடம் ஆபிரிக்கா. மனிதர் கொண்டு வந்து, சாப்பிட்டு, நட்டு வளர்த்தது. அப்ப 'புளியங்குளம்' எண்ட பேரையே திரும்ப வாசிச்சுப் பாருங்கோ. புளி எண்டால் ஆரோ நட்டிருக்கினம். குளம் எண்டால் ஆரோ கட்டியிருக்கினம். அந்தப் பேரே ஒரு காணி உறுதி மாதிரித்தான்.

ஆனால் பெரிய ஊரின் பேர் வரைபடத்தில் இருக்கு, அதுக்கு ஆபத்தில்லை. ஆபத்து உள்ளுக்குள்ள இருக்கிற சின்னக் குளங்களின் பேருக்குத்தான். பல குளங்களின் பேர் இப்ப எழுபது எண்பது வயசு ஆக்களின் வாயில் மட்டும்தான் இருக்கு. எந்தக் குளம் எதுக்கு வான் பாயும், எந்தக் கட்டில் ஐயனார் இருந்தார், எந்த மேட்டில் எத்தனை வீடு எண்டதும் அப்படித்தான். பக்கத்தில் இருக்கிற புதூர் நாகதம்பிரான் பொங்கலுக்கு வருசா வருசம் எங்கெங்கோ இருந்து சனம் வருகுது. அந்த ஒரு இரவில் கோயில் வீதியில் இருக்கிற அம்மம்மாமாருக்குத் தெரிந்த நிலவரலாறு எந்த நூலகத்திலும் இல்லை.

அதால நாங்கள் ஒரு வேலை தொடங்கியிருக்கிறம். ஒரு கொப்பி, ஒரு போன். ஒரு பெரியவரோடு இருந்து, அவருக்குத் தெரிந்த குளங்களின் பேரை மேலிருந்து கீழாகத் தண்ணி போற ஒழுங்கில் எழுதுறது. முதல் நாளில் பதினொரு பேர் கிடைச்சது. அதில் நாலு பேரை எங்களில் ஒருவரும் அதுக்கு முதல் கேள்விப்பட்டதில்லை.

உங்கட ஊரிலும் இதைச் செய்யலாம், காசு செலவில்லை. ஆனால் ஆறுதலாகச் செய்ய நேரமில்லை. அடுத்தமுறை ஏ9 ஆல் போகேக்க, புளியங்குளச் சந்தி தாண்டினதும் போனை ஒருக்கா வைச்சிட்டு யன்னலால் பாருங்கோ. காட்டு விளிம்பில் ஒரு புளியமரம் தெரிஞ்சால், அதுக்குப் பின்னால ஒரு குளம் இருந்திருக்கும். அதுக்கு ஒரு பேரும் இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுதி வையுங்கோ.