பேனையும் மூட்டையும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். மழையை நம்பி வாழ்ந்த குடாநாட்டவர்க்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பொய்யாத விளைச்சலாகத் தோன்றின. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரி முதலிய கல்விக்கூடங்கள் ஆங்கிலம் கற்பித்தன. 1905ஆம் ஆண்டில் கொழும்புக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. பேனை பிடிக்கக் கற்ற இளைஞர் தலைநகரில் எழுதுவினைஞராயினர். அவர்களிற் பலர் வெள்ளவத்தையிற் குடியேறினர்.

நகரின் வடபால், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைப் பகுதியிலோ, உழைப்பு வேறு வகையினது. 1875ஆம் ஆண்டில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் துறைமுகம் வளர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அங்கே மூட்டை சுமந்தனர்.

இவ்விரு பிழைப்புகளையும் சட்டமும் ஆணையும் அடுத்தடுத்துத் தாக்கின. 1939ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்க இலங்கை அரசாங்கம் முடிவுசெய்தது. நேரு நேரில் வந்து பேசியும் முடிவு மாறவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் உடலுழைப்பாளர் இலங்கைக்குச் செல்வதை இந்தியா தடைசெய்தது. அன்று வாசலை அடைத்தது பிறந்த நாடு.

1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. இம்முறை வாசலை அடைத்தது மொழி. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர்க்கு 1962ஆம் ஆண்டில் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1964ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் சட்டம் செல்லாதென்றது. 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியர் சம்பளங்கோரி வழக்கிட இயலாதெனக் கூறி அத்தீர்ப்பை நீக்கியது. 1969ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம், வழக்கிடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வருமுன் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சிங்களத்தின் நிலையை உறுதிசெய்துவிட்டது.

எழுதுவினைஞரின் பிள்ளைகள் கணக்கியலையும் மருத்துவத்தையும் பொறியியலையும் நாடினர். பலர் கடல் கடந்தனர். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்பின் அப்பெயர்ச்சி பெருகியது. துறைமுகத்திலோ கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் மூட்டை சுமந்த தோளின் தேவையைக் குறைத்தன. 1987ஆம் ஆண்டில் தமிழும் அரசகரும மொழியாக ஏற்கப்பட்டது. ஆயினும் ஒரு தலைமுறையின் உத்தியோகம் அதற்குள் கழிந்துவிட்டது. மழை பொய்க்குமென அஞ்சி அரசாங்கத்தை நம்பிய பழமொழி, அரசாங்கமும் பொய்க்கக் கூடுமென்பதை எண்ணியிருக்கவில்லை.