அம்பு எங்கே போய் நிற்கும்?

வில்வித்தை என்றதும் எல்லோருக்கும் அர்ஜுனன்தான் நினைவுக்கு வருவான். மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவை, "என்ன தெரிகிறது?" என்ற துரோணரின் கேள்வி... ஸ்கூலிலேயே கேட்ட கதை. அதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தப்பாகப் பதில் சொன்னவர்களை துரோணர் அம்பு விடவே விடவில்லை, ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டார்! குறி தவறும் அம்பு எங்கே போகும் என்று யோசித்த வாத்தியார் போலிருக்கிறது.

வில்லைப் பற்றியும் வீரனைப் பற்றியும் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அம்பைத் தாங்கி நிறுத்தும் தடுப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. (நம் ஊர் பயிற்சி மைதானங்களில் இதை 'பட்ரஸ்' என்பார்கள்.) இத்தனைக்கும் அதன் வரலாறு ரொம்ப சுவாரஸ்யமானது.

தமிழிலிருந்தே ஆரம்பிக்கலாம். புறநானூற்றின் 169-வது பாட்டு, காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பிட்டங்கொற்றனைப் பாடியது. கோசர் குலத்து இளைஞர்கள் படைக்கலம் எறிந்து பழகுவதற்காக நட்டு வைத்த முருக்கு மரக் கம்பம் அதில் வருகிறது. முருக்கு என்பது கல்யாண முருங்கைதான் என்று சொல்வோரும் உண்டு. அப்படியானால் அது மென்மையான மரம். பாய்ந்த ஆயுதம் தெறித்துத் திரும்பாமல் உள்ளேயே நிற்கும். இதில் அழகு என்னவென்றால், புலவர் தன் தலைவனை ஆயுதம் எறிகிற வீரனோடு ஒப்பிடவில்லை. எத்தனை அடி விழுந்தாலும் அசையாத அந்தக் கம்பத்தோடு ஒப்பிடுகிறார்!

இன்றும் பழனியை அடுத்த கோதைமங்கலத்தில் விஜயதசமி அன்று அம்பு போடும் சடங்கு நடக்கிறது. அங்கே அசுரனாக நிற்பது வாழை மரம். அடுக்கடுக்கான, ஈரமான தண்டு. அம்பைப் பிடித்துக்கொள்ளும், அம்புக்கும் சேதம் இல்லை. ஆனால் நான்கு நாளில் அழுகிவிடும். சடங்குக்குச் சரி, தினசரிப் பயிற்சிக்கு ஆகாது.

இங்கிலாந்தில் கதை வேறு. 1363-ல் மூன்றாம் எட்வர்ட் மன்னர், உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லோரும் விடுமுறை நாட்களில் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டார். ஊர் ஊராக மண்ணைக் குவித்து, மேலே புல் வளர்த்து மேடுகள் எழுப்பினார்கள். அதற்குப் பெயர் 'பட்ஸ்'. அந்தப் பெயரில் இன்றும் அங்கே தெருக்கள் இருக்கின்றன. பிறகு வைக்கோல் வந்தது. வைக்கோலைப் பிரியாகத் திரித்து, வட்டமாகச் சுற்றித் தைத்துவிடுவார்கள். நம் வீட்டுப் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணையை நடுவில் ஓட்டை இல்லாமல் ஆளுயரத்துக்குச் செய்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்!

ஜப்பானில் இரண்டு விதம். பக்கத்தில் நின்று பழகுவதற்கு இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளை, பெயர் 'மகிவாரா'. 28 மீட்டர் தூரத்துக்கு 'அசுச்சி' என்ற மணல் மேடு. மழையில் கரையாமல் இருக்க அதன் மேல் கூரையும் போட்டிருப்பார்கள்.

நம் நாட்டிலேயே ஷில்லாங்கில் தடுப்பை நம்பித்தான் பணமே புரள்கிறது. காசி மக்களின் 'தீர்' ஆட்டத்தில் வில்லாளிகள் ஒரு உருளைக் கட்டை நோக்கி வரிசையாக அம்பு விடுவார்கள். அதில் குத்தி நிற்கும் அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கத்துக்குப் பரிசு. மேகாலயாவில் 1982-ல் இதைச் சட்டப்படி அனுமதித்தார்கள். குத்தி நிற்காத அம்பு கணக்கில் வராது. கட்டு தளர்ந்தால் கணக்கே போச்சு!

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். எந்த ஊரிலும் தடுப்புக்கென்று காசைக் கொட்டவில்லை. அந்தந்த ஊரில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தது எதுவோ, அதுவே தடுப்பு ஆனது. மண், மணல், வைக்கோல், வாழை.

சரி, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் இன்று என்ன தாராளமாகக் கிடைக்கிறது? ஒரு காலத்தில் இதுவும் ஏரிப் பாசனமும் நெல்லும் வைக்கோல் போரும் இருந்த பூமிதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்ஃபீல்டு... தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்கள் பேக்கிங்கோடுதான் வந்து இறங்கும். அட்டைப்பெட்டி, ஃபோம் ஷீட், சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் எல்லாம் கடைசியில் பழைய பொருள் கடைக்குத்தான் போகின்றன. இந்த மண்ணின் புது வைக்கோல் இதுதான்!

வேடிக்கைக்குச் சொன்னதில்லை. கடையில் விற்கும் நவீன தடுப்புகளில் பலவும் பாலிஎத்திலீன் ஃபோம் அடுக்குகள்தான். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெட்டு விளிம்பு அம்பைப் பார்க்கும்படி வைத்து, பெல்ட்டால் இறுக்கினால் அதுவும் வேலை செய்யும். அடுக்குகளுக்கு நடுவே நுழையும் அம்பை இரண்டு பக்கமும் உரசல் பிடித்து நிறுத்துகிறது. சாக்கில் பிளாஸ்டிக் உறைகளைத் திணித்துக் கட்டுவதும் உண்டு. தெர்மோகோல் மட்டும் வேண்டாம், பொடிப்பொடியாக உதிரும், அம்பும் ஊடுருவிப் போய்விடும்.

வெறும் சுவரை நம்புவது அதைவிட மோசம். சுவரில் மோதிய கார்பன் அம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அதையே மறுபடி நாணேற்றி விட்டால், அது உடைந்து சிராய்கள் கையில் பாயும் ஆபத்து உண்டு. அம்பு விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நல்ல தடுப்பு செலவே இல்லை, லாபம்தான்.

ஆனால் பழைய ஊர்களிடம் இருந்த ஒன்று இன்றைய வாடகை வீட்டு மொட்டை மாடியில் இல்லை. அது இடம். மண் மேட்டையும் தாண்டிய அம்பு அங்கே வயலில் விழுந்திருக்கும். இங்கே அடுத்த மாடியில் துணி காயப்போடும் அக்கா நிற்பார், கீழே தெருவில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். ஒலிம்பிக் தூரமே 70 மீட்டர். மேல்நோக்கித் தவறிய அம்பு அதைவிடப் பல மடங்கு போகும். அதனால் இலக்கை விடப் பல மடங்கு பெரிய தடுப்பு, அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் அறவே இல்லாத இடம் என்ற இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மாடியை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போவதுதான் சரி.

வில் வாங்கும் முன்பு தடுப்பைப் பற்றி யோசியுங்கள். துரோணர் பறவையைக் காட்டி ஒரு கேள்விதான் கேட்டார். அந்தப் பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவர்கள் ஒதுங்கி நிற்பதே நல்லது!