எச்சரிப்பைக் கேட்கும் செவி



அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தில் ஒரு புயலின் வரலாற்றை வாசிக்கிறோம். இனிக் கடற்பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் உரிமையாளரையுமே நம்பினான். தென்றல் மெதுவாக வீசியதும் கப்பல் புறப்பட்டது; விரைவிலேயே யூரோக்கிலிதோன் அதன்மேல் மோதியது. எச்சரிப்பு இல்லாமல் அல்ல, அதைக் கேட்பார் இல்லாமல்தான் அந்தக் கப்பல் சேதமடைந்தது.

நம் தேசத்திலும் இது நடந்திருக்கிறது. 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் உருவாக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிடப்பட்டபோது, கடல் பொங்கி அதை அழித்துவிடும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரலுக்கே அவர் எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. கானிங் துறைமுகம் எழுந்தது. 1867-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது.

தமிழ்நாட்டில், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைக் கடல் மூழ்கடித்தது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

"நாம் கடற்கரையில் இல்லையே" என்று தாம்பரத்தில் வாழும் நாம் எண்ணக்கூடும். 2015 டிசம்பர் முதல் தேதியை நினைத்துப் பாருங்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று வந்தது புயல்கூட அல்ல. பெயரில்லாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடத்துக்கு மேலேயே முடிச்சூர் அமைந்துள்ளது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் நீரே அங்கு வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலோ நம் ஊரில் கரையைக் கடக்கவேயில்லை. ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆயினும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் நீரில் நின்றன. ஆகவே புயலுக்குப் பெயர் இருக்கிறதா, எங்கே கரையைக் கடக்கும் என்பவற்றை மட்டும் பார்த்து ஆபத்தை அளவிடாதீர்கள். தண்ணீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை. செம்பாக்கத்து ஏரிநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகவேண்டும். அந்த வழியில் நாம் வீடு கட்டினாலும், கால்வாயில் குப்பை கொட்டினாலும், அது நம் வாசலுக்கே திரும்பும்.

எச்சரிப்பைக் கேட்டவர்களின் வரலாறும் உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே மாநிலத்தைத் தாக்கியது. மாண்டவர்கள் சில பத்துப்பேர் மட்டுமே. காற்று இரக்கம் காட்டியதால் அல்ல. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன; கிராமத்துத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றனர்; புயலுக்கு முன்பே ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

பிரியமானவர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நீங்கள் செய்யவேண்டியவை சில உண்டு. உங்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர் யார், தரைத்தளத்தில் கைக்குழந்தையோடு இருப்பவர் யார் என்று எழுதிவையுங்கள். சபையாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். பத்திரங்களையும் மருந்துச் சீட்டுகளையும் நனையாத உறையிலிட்டுப் பரண்மேல் வையுங்கள். தண்ணீர் முழங்காலைத் தொடும்வரை காத்திராமல், அறிவிப்பு வந்தவுடனே புறப்படுங்கள். 2015-இல் மீனவ சகோதரர்கள் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். இம்முறை நம் அயலாருக்குப் படகு வருமுன்னே நாம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

இவ்வாறு ஆயத்தப்படுவது அவிசுவாசம் அல்ல. கப்பலில் இருந்த 276 பேரும் பிழைப்பார்கள் என்ற வாக்கைப் பெற்ற பவுல்தான், மாலுமிகள் தப்பியோடாதபடி பார்த்துக்கொண்டார். எல்லாரையும் உண்ணும்படி வற்புறுத்தினார். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்தார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தார்கள். ஒருவரும் விடுபடவில்லை. நம் தெருக்களிலும் ஒருவரும் விடுபடாதபடி கர்த்தர் நம்மைப் பயன்படுத்துவாராக. ஆமென்.