காட்சித் தொடர்பியல் கல்வி (தொட்டியம் – திருச்சிராப்பள்ளி வட்டாரம்)

எழுத்து, ஓவியம், ஒளிப்படம், அசையும் படம் ஆகியவற்றால் செய்தியைப் பலரிடம் கொண்டுசேர்க்கப் பயிற்றும் பட்டப்படிப்பு. மாணவர் வழக்கில் ‘விஸ்காம்’. தமிழ்நாட்டில் இது இரு வகையாக நடைபெறுகிறது. சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு நான்காண்டு பி.எஃப்.ஏ. படிப்பு, வரைதிறன் தேர்வு எழுதியே சேர முடியும். கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பு, வரைதலோடு ஒளிப்படம், திரைக்கதை, படத்தொகுப்பு, விளம்பரம் ஆகியவையும் பாடங்கள். காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே, திருச்சி–நாமக்கல் சாலையில் உள்ள தொட்டியத்து மாணவர்கள் இப்படிப்புக்குத் திருச்சிக் கல்லூரிகளை நாடலாம்.

முன்வரலாறு

19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி அப்ரகத் தகட்டோவியங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. தொழில் செய்வோர், ஊர்வலங்கள், கோயில் காட்சிகள் ஆகியவற்றை மெல்லிய அப்ரகத் தகடுகளில் தீட்டி, தொகுதிகளாக ஐரோப்பியருக்கு விற்றனர். இக்கலை இங்கேயே தோன்றியதா, வடக்கிலிருந்து வந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

சென்னைக் கலைப்பள்ளியும் ஒளிப்படமும்

அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தனியார் முயற்சியாகத் தொடங்கினார். அது அரசின் கைக்கு வந்த ஆண்டு 1852 என்றும் 1855 என்றும் இருவேறாகக் குறிக்கப்படுகிறது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. செதுக்கச்சு, கல்லச்சு, மட்பாண்டம் ஆகியவற்றோடு ஒளிப்படமும் அங்கே கற்பிக்கப்பட்டது. படத்தை உருவாக்குவதும் அதைப் படியெடுத்துப் பரப்புவதும் ஒரே கூரையின்கீழ் பயிற்றப்பட்டதால், காட்சித் தொடர்பியலின் தொடக்கத்தை இப்பள்ளியில் காண்பது பொருந்தும். 1856இல் சென்னை ஒளிப்படக் கழகம் உருவானதிலும் ஹண்டருக்குப் பங்குண்டு.

அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் அமர்த்தப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களை அவர் படமெடுத்தார். திருவரங்கத்துக்கும் திருச்சிக்கும் தனித்தனித் தொகுதிகள் 1858இல் வெளிவந்தன. இவற்றுள் வியப்புக்குரியது தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைக் காட்டும் நெடும்படம்: 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்தது, ஏறத்தாழ 19 அடி நீளம். சோழர்காலத் தமிழெழுத்தை வரிசை கெடாமல் தொடர்ந்து பார்க்க வைத்த முயற்சி அது. டிரைப்பின் உதவியாளர் ஐயாசாமி, ஹண்டரின் பள்ளியில் பயின்றவர் என்று சொல்லப்படுகிறது. செலவு மிகுதி என்று கருதிய ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் இப்பணியை நிறுத்தச் செய்தார்.

ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார்.

கே. எம். ஆதிமூலம்

இவ்வட்டாரம் இத்துறைக்கு அளித்த முதன்மையான கலைஞர். 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து, 1959இல் சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் துணையோடு கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1966இல் ஓவியத்தில் பட்டயம் பெற்றார். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த நூறு கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் பெரும்புகழ் பெற்றன. ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடர் ஆதிமூலத்தின் கோடுகளோடு வந்தபோது, நவீன ஓவியம் பெட்டிக்கடையில் தொங்கும் வார இதழ் வழியாக வீடுகளுக்குள் சென்றது.

சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் அட்டைகள் வரைந்தார், தலைப்புகள் எழுதினார். அச்சுக்கோப்பின் சீர்மையைப் பின்பற்றாமல், தூரிகை ஓடிய வேகத்தை அப்படியே நிறுத்திவைத்த எழுத்துகள் அவை. கொம்பும் சுழியும் தடித்து மெலிந்து போகும் விதத்தைக் கொண்டே அவர் கையை அடையாளம் காணலாம். ஓவியராகவே அவர் அதிகம் பேசப்படுகிறார். தமிழ் எழுத்தின் வடிவமைப்பாளராகவும் அவருக்கு அதே அளவு இடம் உண்டு. 2008இல் காலமானார்.

பட்டப்படிப்பாதல்

இந்திய அளவில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இலும், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையம் 1969இலும் தொடங்கின. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை லயோலாக் கல்லூரி இப்பட்டத்தைத் தொடங்கியது முன்னோடி முயற்சியாகக் கருதப்படுகிறது. பின்னர் திருச்சியின் தூய வளனார், பிஷப் ஹீபர் போன்ற பழைய கல்லூரிகளுக்கும் இப்படிப்பு வந்தது. 2013இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின்கீழ் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சேர்ந்தன.

தொழில்கள்

விளம்பர நிறுவனம், நாளிதழ், தொலைக்காட்சி, திரைப்படம், அசைவூட்டம், செயலித் திரை வடிவமைப்பு, கற்பித்தல் ஆகியவை வழக்கமான களங்கள். ‘விக்ரம் வேதா’ (2017) இயக்குநர்களான புஷ்கர், காயத்ரி இருவரும் லயோலாவில் இப்படிப்பைப் படித்தவர்கள். கவின்கலை வழியில் வந்தோரில் பி. கிருஷ்ணமூர்த்தி தேசிய விருதுகள் பெற்ற கலை இயக்குநரானார். டிராட்ஸ்கி மருது கணினி அசைவூட்டத்துக்குள் சென்றார். வீர சந்தானம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். எழுத்துரு வடிவமைப்பு குறைவானோர் நாடும் களம். மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றுள்ளன. தொட்டியம், முசிறி போன்ற ஊர்களுக்குத் திரும்புவோருக்குத் திருமண ஒளிப்படம், ஆல்பம் வடிவமைப்பு, ஃபிளெக்ஸ் அச்சகம் ஆகியவை கைக்கெட்டும் தொழில்கள்.

அண்மைக்காலம்

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வகுப்பறைக்கும் தொழிலுக்கும் வந்துவிட்டன. அதற்கு முன்பே ஃபிளெக்ஸ் அச்சு பரவியதால், சுவரிலும் தகரத்திலும் கடைப்பெயர் எழுதிவந்த ஓவியர்கள் பெருமளவில் வேலை இழந்தனர். எந்தக் கல்லூரியிலும் பயிலாமல் தமிழெழுத்தைக் கையால் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். அவர்கள் எழுதிய பலகைகளைப் படமெடுத்து, எழுதியவர் பெயரோடு தொகுப்பது இவ்வட்டார மாணவர்கள் தாமதமின்றி மேற்கொள்ளத்தக்க களப்பணி.