தானாகப் பொங்கின தண்ணி

பூமிக்கடியில் அழுத்தத்தில் கிடக்கும் சூடான உப்புநீரை வைத்து 1989-90ல் டெக்சாஸில் கரண்ட் எடுத்துப் பார்த்தாங்க. நம்ம கடலூர் மாவட்டத்துலயும் அழுத்தநீர்க் கதை ஒண்ணு இருக்குங்க. சூடு கிடையாது, வேகம் மட்டும்தான் :-)

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டினப்போ தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957ல் சுரங்க வேலை ஆரம்பிச்சாங்க. 1961ல் கரி கண்ணில் பட்டது. ஆனா கரிக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. மேல்மண்ணை அள்ளினா சுரங்கத் தரையையே பிளந்துடும்! அதனால போர்வெல் போட்டு ராப்பகலா இறைக்கிறாங்க. அந்தத் தண்ணிதான் அனல்மின் நிலையத்துக்கும் போகுது. சுரங்கத்துல இருந்து வெளியேத்துற தண்ணி வாலாஜா ஏரி வழியா வயலுக்கும் பாயுது.

பாயட்டும், சந்தோஷம்தான். ஆனா ஒரு காலத்துல தண்ணி தானாகப் பொங்கின சுத்துப்பட்டு கிராமங்கள்ல இன்னிக்கு மோட்டாரை ஆழமா இறக்கணும். கரியை டன் கணக்குல எழுதுறவங்க இதை எந்தக் கணக்குல எழுதுவாங்க?