உல்லாசமும் அறமும்: இராஜாஜியின் மதுவிலக்கும் உல்லாஸ்நகரும்

முன்னுரை

தமிழ் மரபு இன்பத்தை அறத்திற்குப் பகையாகக் கருதவில்லை. அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றையும் உறுதிப்பொருள்களாக ஏற்ற திருக்குறள், கள்ளுண்ணாமையை (அதி. 93) அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில் வைத்துள்ளது. ஒருவனது நுகர்ச்சி அவனோடு நில்லாமல் குடியையும் நாட்டையும் தாக்கும்போது அது ஆட்சிக்குரிய பொருளாகிறது என்னும் கருத்து இவ்வைப்புமுறையால் பெறப்படுகிறது. நுகர்வு வாழ்வா, அறவாழ்வா என்னும் வினாவைத் தம் வாழ்விலும் ஆட்சியிலும் எதிர்கொண்டவர் இராஜாஜி (1878–1972). அவ்விரு நிலைகளிலும் விளைந்தவற்றை ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனிமனிதத் தெரிவு

சேலத்தில் வருவாய் மிக்க வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தின்போது தொழிலைத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர்ப்பணியும் மதுவிலக்குப் பரப்புரையும் மேற்கொண்டார். அங்கிருந்து 1929-இல் வெளிவரத் தொடங்கிய ‘விமோசனம்’ இதழில் கல்கி துணைநின்றார். இக்கட்டத்தில் அவர் கைக்கொண்டது எடுத்துரைத்து இணங்கவைக்கும் நெறியே ஆகும்.

சட்டவழித் தெரிவு

1937-இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. குடிப்பவன் குடும்பத்திலிருந்து பெற்ற வருவாயை விடுத்து, அதன் சுமையை வாங்குவோர் அனைவரும் பகிரச் செய்தமை இதன் சிறப்பாகும். அறத்திற்கு விலையுண்டு என்பதையும் அதனைச் சமூகம் முழுதும் ஏற்க வேண்டும் என்பதையும் இவ்வரி உணர்த்தியது.

பம்பாய்ச் சூழல்

பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949 சூன் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இரு திங்கள் நிறைவதற்குள், ஆகஸ்டு 8 அன்று, தலைமை ஆளுநராயிருந்த இராஜாஜி, கல்யாண் இராணுவ முகாமில் குடியேறிய சிந்தி அகதிகளின் நகருக்கு அடிக்கல் நாட்டினார். அருகில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரால் அது உல்லாஸ்நகர் எனப்பட்டது. தமிழில் ‘உல்லாசம்’ களியாட்டத்தையும் சுட்டும். ஆயின் உடைமை இழந்து வந்தோர்க்குக் கூரையும் தொழிலுமே உல்லாசமாயின. எனவே வறியோரின் வாழ்வில் நுகர்வு, அறம் என்னும் இருமைக்கு முன்னரே பிழைப்பு என்னும் வினா நிற்பதைக் காணமுடிகிறது.

தமிழர் மிகுதியாக வாழும் தாராவியிலும் இது புலனாகிறது. மதுவிலக்குக் காலத்தில் அதன் சதுப்புநிலப் பகுதியில் கள்ளச்சாராயம் காய்ச்சுதல் பிழைப்பாயிற்று. மறுபுறம், அயல்நாட்டார்க்கு உரிமச்சீட்டும் படைத்துறை உணவகங்களுக்கு விலக்கும் இருந்தன. 1951-இல் பால்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்று, மதுசாரம் கலந்த மருந்து, ஒப்பனைப் பொருள்கள் தொடர்பான தடைகளைச் செல்லாதவையாக்கியது. அனைவர்க்கும் பொதுவாய் அமையாத அறம் ஆணையாக மட்டுமே எஞ்சும் என்பதற்குப் பம்பாய் சான்றாகும்.

முடிவுரை

தமிழக அரசு 1971-இல் மதுவிலக்கை ஒத்திவைக்க முனைந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த இராஜாஜி முதல்வர் மு. கருணாநிதியிடம் அதனைக் கைவிடுமாறு வேண்டினார், பயனில்லை. 1983-இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது. மது வருவாய்க்கு மாற்றாகப் பிறந்த விற்பனை வரியும் நிலைத்தது. மது வருவாயும் திரும்பியது. இராஜாஜி தாமே துறந்த தொழில் வாழ்வுக்கு மீளவில்லை. அரசோ துறந்த வருவாய்க்கு மீண்டது. தன் விருப்பால் ஏற்ற அறம் நிலைபெறுவதும், ஏவலால் அமைந்த அறம் ஏவுவோர் மாறத் தளர்வதும் இதனால் பெறப்படுகின்றன. ஆகவே நுகர்வா அறமா என்னும் வினா குடிப்பவனை மட்டும் நோக்கியதன்று. அவன் நுகர்ச்சியில் வருவாய் காணும் அரசையும் நோக்கியதாகும். கள்ளுண்ணாமை பொருட்பாலில் அமைந்ததன் பொருத்தமும் இதுவே எனலாம்.