பார்பெத்: அந்தரத்தில் ஆடிய வேடம்



ஆண்மகன் ஒருவன் பெண்வேடம் பூணுவது நமக்குப் புதியதொன்றன்று. கோயில் வீதியிலே விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மகனை இழந்து புலம்பிய சந்திரமதி, பகலிலே வயலில் மண்வெட்டி பிடித்த ஆடவரே என்பதை அறிந்திருந்தும், அவர் அழுதபோது நம் அன்னையரும் அழுதனர். ஆனால், பார்ப்போரிடம் அந்த உண்மையை இறுதிவரை மறைத்து, கடைசிக் கணத்திலே தாமே அதனை வெளிப்படுத்தி, அதனாலேயே பாரிஸ் மாநகரை வியக்கவைத்த கலைஞர் ஒருவர் இருந்தார். மேடையிலே அவர் பெயர் பார்பெத்.

வண்டர் கிளைட் என்பது அவருடைய இயற்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே பிறந்து, றவுண்ட் றொக் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். சிறுவயதில் அன்னை அவரை ஒஸ்ரின் நகருக்குச் சர்க்கஸ் பார்க்க அழைத்துச் சென்றார். அங்கே கம்பியின்மேல் நடந்தவர்களைக் கண்ட நாள்முதல், வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயவிடும் கொடியே சிறுவனின் பயிற்சிக்களமாயிற்று. படிப்பிலும் அவர் பின்தங்கியவரல்லர்; பதினான்கு வயதிலேயே உயர்பள்ளிக் கல்வியை முடித்துவிட்டார். பின்னர் பத்திரிகை விளம்பரமொன்றைக் கண்டு சன் அன்ரோனியோ நகருக்குப் புறப்பட்டார். அந்தரத்தில் வித்தை காட்டிய அல்பரெற்றா சகோதரிகளுள் ஒருவர் இறந்துவிட, மற்றவர் துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெண்ணுடையில் ஆடினால் கம்பி வித்தை மேலும் எடுப்பாகத் தோன்றும், பெண்ணாக உடுத்துவதற்கு உடன்பாடா என்று அவர் கேட்டார். இளைஞர் உடன்பட்டார். இவ்வாறு, பிழைப்பும் தொழில்நுட்பமும் கூடிய ஒரு தேவையினாலேயே அவர் முதன்முதல் அவ்வேடத்தைப் பூண்டார்.

ஆயினும், அவர் அதை வெறும் பிழைப்பாக விட்டுவிடவில்லை. சேக்ஸ்பியரின் நாடகங்களை அவர் விரும்பிக் கற்றவர். 1660ஆம் ஆண்டளவில்தான் இங்கிலாந்தின் பொது அரங்குகளிலே பெண்கள் நடிக்கத் தொடங்கினர். அதற்கு முன்னர் யூலியற்றும் டெஸ்டிமோனாவும் இளைஞர்களின் உடலிலேயே உயிர்பெற்றனர். இந்தச் செய்தி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம் வித்தையையும் இத்தகைய தனிக்கலையாக ஆக்கலாம் என்று அவர் எண்ணினார். பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் பொதுவாய், பிரெஞ்சு மொழியின் ஓசையுடன் அமைந்த ‘பார்பெத்’ என்னும் பெயரைச் சூடி, 1919இல் நியூயோர்க்கின் ஹார்லெம் ஒப்பெரா அரங்கிலே தனித்து மேடையேறினார்.

1923ஆம் ஆண்டிலே அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். முதலாம் உலகப்போர் ஓய்ந்து ஐந்தாண்டுகளே சென்றிருந்தன. துயரத்தை மறக்க விரும்பிய பாரிஸ் மக்கள் இரவுதோறும் இசைக்கூடங்களையும் கேளிக்கை அரங்குகளையும் நிறைத்தனர். அல்ஹம்பிரா அரங்கிலே தொடங்கிய பார்பெத்தின் புகழ், கசினோ த பாரி, மூலான் ரூஜ், ஃபோலி பெர்ஜேர், மெத்ரானோ சர்க்கஸ் என்று பரவியது.

அவருடைய ஆட்டம் எவ்வாறு அமைந்தது? வெண்மையான தீக்கோழி இறகுகள் அடர்ந்த நீண்ட அங்கியுடன் ஓர் அரசியைப்போல அவர் தோன்றுவார். வாக்னரின் இசையும், றிம்ஸ்கி கோர்சக்கோவின் ‘ஷெஹெரசாட்’ இசையும் முழங்கும். அங்கியைக் களைந்து, மெல்லிய உடையுடன் கம்பியின்மேல் நடப்பார், வளையங்களிற் சுழல்வார், உயரத்து ஊஞ்சலிலிருந்து விழுவார்போலச் சரிந்து, காலாற் பற்றித் தொங்குவார். அவையோர் திடுக்கிட்டு எழுவர். பின்னர்க் கரகோஷத்தின் நடுவே வணங்கும்போது, தலையிலிருந்த பொய்ம்முடியைச் சட்டெனக் கழற்றிவிடுவார். முன்னே நிற்பவர் ஓர் ஆடவர்! ஒரு கணம் அரங்கம் வாயடைத்துப்போகும்.

இந்த ஆட்டத்தின் உட்பொருளை உணர்ந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் ழான் கொக்தோ. ஒப்பனை அறையிலே உடனிருந்து பார்த்து, 1926 யூலையில் ஒரு புகழ்பெற்ற இலக்கிய இதழிலே பார்பெத்தைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். புகைப்படக் கலைஞர் மான் றேயைக் கொண்டு அவரைப் படமும் பிடிப்பித்தார். நாடகத் தொழிலின் நுட்பத்தை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே அக்கட்டுரையின் சாரம். கொக்தோ கண்ட நுட்பம் ஒன்றை நாமும் கருதவேண்டும். பொய்ம்முடியைக் கழற்றிய பின்னர் பார்பெத் சும்மா நிற்பதில்லை. தோள்களைக் குலுக்குவார், தசைகளை முறுக்குவார், மல்லனைப்போல நடப்பார். அதாவது, பெண்வேடம் முடிந்ததும் ஆண்வேடம் தொடங்கிவிடும். ஆண்மை எனவும் பெண்மை எனவும் நாம் மதிக்கும் நடையும் அசைவும் பழகிப் பெற்றவையே என்பதை ஒரு சொல்லுமின்றி அவர் காட்டிவிட்டார். கொக்தோ 1930இல் எடுத்த ‘ஒரு கவிஞனின் இரத்தம்’ என்னும் திரைப்படத்திலும், நாடக அரங்கின் மாடத்தில் அமர்ந்திருக்கும் சீமாட்டியாகப் பார்பெத் தோன்றுகிறார்.

ஆனால், கைதட்டிய உலகம் எங்கும் ஒரே உலகமாக இருக்கவில்லை. இலண்டனில் பல்லேடியம் அரங்கிலே ஆடிய காலத்தில், அவர் வேறோர் ஆடவருடன் உறவு கொண்டிருந்தமை வெளிப்பட்டது. ஒப்பந்தம் இரத்துச் செய்யப்பட்டது. இங்கிலாந்திலே தொழில் செய்யும் அனுமதி அதன்பின் அவருக்குக் கிடைக்கவேயில்லை. அத்தகைய உறவை அந்நாட்டுச் சட்டம் குற்றமாகக் கருதிய காலம் அது. 1967ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலும் வேல்சிலும் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. மேடையிலே பெண்ணாக நின்றவரைப் பணங்கொடுத்துப் பார்த்த அதே சமூகம், மேடைக்குப் பின்னால் அவருடைய வாழ்வைப் பொறுக்க மறுத்தது. கலையை எடுத்துக்கொண்டு கலைஞனைத் தள்ளிவிடும் இந்த வழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று.

1935இல் நியூயோர்க் ஹிப்போட்ரோம் அரங்கில் நடைபெற்ற ‘ஜம்போ’ என்னும் பெருங்காட்சியில் அவர் பங்குகொண்டார். அதன்பின் சில ஆண்டுகளிலே கொடிய நோய் அவரைத் தாக்கியது. காற்றிலே பறந்த உடலின் மூட்டுகள் இறுகின. பல மாதங்கள் மருத்துவமனையிலே கிடந்து, நடப்பதற்கே மீண்டும் பழகவேண்டியதாயிற்று. ஊஞ்சலுக்கு அவர் திரும்பவில்லை.

வேறொருவராயின் பழம்புகழை எண்ணி மனமுடைந்து ஒதுங்கியிருப்பர். பார்பெத் ஆசிரியரானார். றிங்கிலிங் சகோதரர் சர்க்கஸ் முதலிய பெரிய நிறுவனங்களிலே, அந்தரத்தில் ஆடும் பெண்களுக்கு ஆட்டம் அமைத்துப் பயிற்றினார். 1959இல் வெளிவந்த ‘சம் லைக் இற் ஹொட்’ திரைப்படத்திலே, ரொனி கேட்டிஸ், ஜக் லெமன் ஆகிய இருவருக்கும் பெண்களைப்போல நடக்கக் கற்பிக்க அவரையே அழைத்தனர். கேட்டிஸ் பணிந்து கற்றார். லெமனோ, தம் பாத்திரம் பெண்ணாக நடக்கத் தடுமாறுவதிலேதான் நகைச்சுவை இருக்கிறது என்று கூறி, பாடத்தை முழுவதும் ஏற்கவில்லை. இருவர் வழியும் படத்திலே பயன்பட்டன. பின்னர், உடல்வேதனை நீங்காத நிலையில், 1973 ஓகஸ்ட் 5ஆம் நாள் ரெக்சாஸ் மாநிலத்திலே தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

நேயர்களே, இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவனின் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியராயிருந்த பாடசாலையொன்றின் விழாவிலே அவன் சாவித்திரியாக நடித்தான். யமனோடு அவன் வழக்காடியபோது அவை முழுவதும் மூச்சடங்கி இருந்தது. மேடையிலேறி அவனுக்குப் பரிசளித்தவர்களுள் நானும் ஒருவன். மறுநாள் முதல் சக மாணவர் அவனைச் ‘சாவித்திரி’ என்றே அழைத்து ஏளனஞ் செய்தனர். சிறுபிள்ளைகளின் விளையாட்டு என்று நான் வாளாவிருந்தேன். அவன் பின்னர் எந்த மேடையிலும் ஏறவில்லை. பரிசளித்த எனக்கு, அவனுக்காக ஒரு சொற் பேசும் கடமையும் இருந்தது. அதனை நான் உணர்ந்தபோது அவன் பாடசாலையை விட்டே போய்விட்டான்.

வேடத்தைப் பாராட்டுவது எளிது. வேடங் களைந்து நிற்கும் மனிதனை மதிப்பது அவ்வளவு எளிதன்று. பார்பெத் ஒவ்வோர் இரவும் பொய்ம்முடியைக் கழற்றிக் காட்டியபோது, அவையோரின் வியப்பை மட்டும் அவர் வேண்டினார் என்று நான் கருதவில்லை. இப்போதும் கைதட்டுவீர்களா என்று அவர் கேட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்க் கூத்து மேடையிலும், பாடசாலை மேடையிலும் அக்கேள்வி இன்னும் நம்மை நோக்கியே நிற்கிறது.